கண் எரிந்தால் உமியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கேள்வியின் சாரம் இது: ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புக்குள் 5,000 பிராய்லர் வளர்க்கும் கொட்டகை. ஐப்பசி பிறந்ததிலிருந்து காலையில் பக்கப் படுதாவைத் தூக்கும்போதெல்லாம் கண் கரிக்கிறது. பண்ணையிலேயே தங்கி வேலை பார்க்கும் கணவன் மனைவி இருவருக்கும் இருமல் விட்டபாடில்லை. சுண்ணாம்பு தூவியும் நாற்றம் குறையவில்லை. நல்ல மாஸ்க் எது, அது போதுமா?

போதாது. மாஸ்க்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதன் இடமும் கடைசிதான். உங்கள் கொட்டகையில் கெட்டிருப்பது காற்று என்று நினைக்கிறீர்கள். முதலில் கெட்டது தரை.

கோழிக்குத் தனியாக மூத்திரம் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதுதான் யூரிக் அமிலம். தரையில் பரப்பிய ஈர உமியில் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாக உடைத்து அமோனியாவாக்குகின்றன. அதற்கு ஈரம், சூடு, காரத்தன்மை மூன்றும் வேண்டும். சூட்டைக் கோழியே கொடுத்துவிடுகிறது. ஈரத்தை மழைக்காலம் கொடுக்கிறது. காரத்தன்மையைச் சுண்ணாம்பு போட்டு நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் இந்தத் தவறு பண்ணைக்குப் பண்ணை நடக்கிறது. உமியில் இருக்கும் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று ஈரத்தில் கரைந்து உட்கார்ந்திருக்கும் அம்மோனியம். அது பறக்காது, நாறாது. மற்றது வாயுவாகப் பறக்கும் அமோனியா. எது எவ்வளவு என்பதை உமியின் பி.ஹெச்., அதாவது அமில கார அளவு, தீர்மானிக்கிறது. பி.ஹெச். 7-ல் நூறில் ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. 9-ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு வாயு. சுண்ணாம்பு அதை 12 பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் ஈர உமியில் சுண்ணாம்பைத் தூவிக் கிளறிய அரை மணி நேரத்தில் உள்ளே நிற்க முடியாமல் போகிறது. மேற்பரப்பு காய்ந்த மாதிரி தெரிவதால் வேலை செய்ததாகத் தோன்றும். எருவை முழுக்க அள்ளிய பிறகு வெறுந்தரையிலும் சுவரிலும் அடிக்கத்தான் சுண்ணாம்பு. கோழி நிற்கும்போது வேண்டாம்.

கோழி நிற்கும்போது எதையாவது போட்டே ஆக வேண்டுமென்றால் அமிலத்தன்மை உள்ளதைப் போடுங்கள். தண்ணீர் தெளிய வைக்கும் படிகாரம், அதாவது அலுமினியம் சல்பேட், 1,000 சதுர அடிக்கு 25 முதல் 45 கிலோ. குஞ்சு இறங்குவதற்கு முன்பே தூளாக்கி உமியின் மேல்பரப்பில் கலந்துவிட்டால் மூன்று நான்கு வாரம் அமோனியாவை அம்மோனியமாகவே பிடித்து வைக்கும். உங்கள் 5,500, 6,000 சதுர அடி முழுவதற்கும் போட்டால் 135 கிலோவுக்குக் குறையாது, செலவு கையைக் கடிக்கும். குஞ்சு வளர்க்கும் தடுப்புப் பகுதிக்கு மட்டும் போடுவது புத்திசாலித்தனம். தூவும்போது கண்ணாடியும் கையுறையும் வேண்டும், படிகாரத் தூளும் கண்ணைப் பதம் பார்க்கும்.

எவ்வளவு அமோனியா இருந்தால் ஆபத்து? 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு 25 பிபிஎம், பதினைந்து நிமிடத்துக்கு 35 பிபிஎம் என்று வரம்பு வைத்திருந்தது. பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் கோழிக் கொட்டகைக்கு இந்த 25 தாராளமான கணக்கு, ஏனென்றால் இங்கே அமோனியா தனியாக வருவதில்லை, தூசியோடு வருகிறது. வேலைக்கு முன்னும் பின்னும் கோழிப் பண்ணைத் தொழிலாளர்களின் நுரையீரல் திறனை அளந்து 2000-ல் அமெரிக்காவில் டான்ஹாம் குழு வெளியிட்ட ஆய்வு 12 பிபிஎம் என்றது. மொத்தத் தூசிக்கு அது சொன்ன வரம்பு ஒரு கன மீட்டருக்கு 2.4 மில்லிகிராம். நுரையீரலின் அடி வரை போகும் நுண்தூசிக்கு 0.16 மில்லிகிராம். கோழிக்கும் நல்லதல்ல என்பதால், நெருக்கமாக வளர்க்கும் கொட்டகைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் போட்ட விதி, கோழியின் தலை உயரத்தில் 20 பிபிஎம் தாண்டக் கூடாது என்கிறது.

மூக்கை நம்பி அளக்க முடியாது. தினமும் உள்ளே இருப்பவருக்கு மூக்கு மரத்துப் போய்விடும். வெளியூரிலிருந்து வரும் சூப்பர்வைசர் வாசலிலேயே துண்டை எடுப்பார், உள்ளே இருப்பவர் ‘ஒண்ணும் தெரியலையே’ என்பார். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். கண்ணில் நீர் கட்டினால் அளவு 20, 25-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு இறக்கையில் தேய்த்தால் அதற்கும் மேலே போயிருக்கும். கருவி வேண்டுமென்றால் அமோனியாவுக்கான சென்சார் மீட்டர் ஒன்றை நான்கைந்து பண்ணைக்காரர்கள் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம். மலிவான வழி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துக் காட்டும் காகிதப் பட்டை. அளக்கும் நேரம்தான் முக்கியம். படுதா இன்னும் மூடியிருக்கும் விடியற்காலையில், கோழியின் தலை உயரத்தில் ஒரு தடவை, உங்கள் மூக்கு உயரத்தில் ஒரு தடவை, கொட்டகையின் நடுவிலும் இரு முனையிலும். மத்தியானம் எல்லாம் திறந்திருக்கும்போது அளந்து ‘பத்துதான் இருக்கு’ என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

இனி ஈரம். ஐந்தாவது வாரத்தில் ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 300 மில்லி தண்ணீர் குடிக்கிறது. 5,000 கோழிக்கு 1,500 லிட்டர். இதில் உடம்பில் தங்குவது சிறு பங்கு. ஆயிரம் லிட்டருக்கு மேல் எச்சமாகவும் மூச்சாகவும் கொட்டகைக்குள்ளேயே இறங்குகிறது. தினமும் ஐந்து டிரம் தண்ணீரை உமியில் ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் காற்றுதான் வெளியே சுமந்து போக வேண்டும், வேறு வழி கிடையாது.

‘மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரம், திறந்துவிட்டால் இன்னும் ஈரமாகாதா?’ என்பது அடுத்து வரும் கேள்வி. ஆகாது. ஐப்பசி இரவில் 24 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதத்தோடு உள்ளே வரும் காற்று ஒரு கன மீட்டருக்கு 20 கிராம் சொச்சம் நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது. கோழியின் உடம்புச் சூட்டில் அது 28 டிகிரியானதும் அதன் கொள்ளளவு 27 கிராமாகிவிடும். இன்னும் ஆறு கிராம் சுமக்க இடம் கிடைத்துவிட்டது. நனைந்த காற்று என்றாலும் உள்ளே வந்து, சூடேறி, வெளியே போனால் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். மூடி வைத்தால் அதே காற்று நிரம்பி நின்று, கூரைத் தகரத்தில் வியர்த்து, திரும்ப உமியில் சொட்டும்.

‘படுதாவைத் தூக்கும்போது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே ஒரு தவறு தெரிகிறது. மேலே கட்டித் தொங்கவிட்டுக் கீழிருந்து சுருட்டித் தூக்கும் படுதா தலைகீழான ஏற்பாடு. கொஞ்சம் திறந்தாலும் வாடைக்காற்று நேராகக் குஞ்சின் மேல் அடிக்கும், அதற்குப் பயந்து முழுக்க மூடிவிடுவீர்கள், மேலே தேங்கும் சூடான ஈரக்காற்றுக்குப் போக வழியே இருக்காது. படுதாவின் கீழ் விளிம்பைப் பக்கச் சுவரில் அடித்துவிடுங்கள். மேல் விளிம்பில் குழாய் கோத்து, கப்பியும் கயிறும் போட்டு, மேலிருந்து கீழே இறங்கும்படி மாற்றுங்கள். எவ்வளவு மழை அடித்தாலும் மேலே இடைவெளி விடாமல் மூடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்குப் பக்கம் அரை அடி, தெற்குப் பக்கம் ஒன்றரை அடி என்று வையுங்கள். சாரல் உள்ளே வருகிறது என்றால் படுதாவைக் குறை சொல்லாதீர்கள், தாழ்வாரம் போதவில்லை. பக்கச் சுவரைத் தாண்டி நான்கு அடியாவது கூரை நீண்டிருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் செலவு குழாயும் கப்பியும் ஒரு நாள் கூலியும்தான். எதையாவது ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தோப்பு கெடுதல் இல்லை. தென்னை உயரத்தில் நிழல் கொடுத்து, கீழே காற்றை விட்டுவிடும். காற்றை மறிப்பது கொட்டகையை ஒட்டி வைத்த வாழை, அடர்ந்த கிளுவை வேலி, குவித்துப் போட்ட மட்டையும் பாளையும். சுற்றி இருபது அடியைச் சுத்தமாக வையுங்கள். கம்பி வலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இறகும் தூசியும் ஒட்டடையும் சேர்ந்து பாதிக் கண்கள் அடைத்திருந்தால் படுதாவைத் திறந்தும் பாதிப் பலன்தான்.

தண்ணீர் எங்கிருந்தெல்லாம் உமிக்கு வருகிறது என்று தேடினால் பெரும்பாலும் குடிநீர்ச் சாதனத்தில்தான் முடியும். மணி மாதிரி தொங்கும் தண்ணீர்ச் சாதனமான பெல் டிரிங்கரின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் நிற்க வேண்டும். கோழி வளர வளர அதையும் வாரத்துக்கு இரண்டு முறையாவது தூக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கோழி தண்ணீரில் விளையாடும். கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாய் என்றால் கோழி கழுத்தை நீட்டி அண்ணாந்து குடிக்கும் உயரம். குழாய்க்கு நேர் கீழே மட்டும் ஈரக் கோடு ஓடினால் அழுத்தம் அதிகம் அல்லது நிப்பிள் தேய்ந்துவிட்டது. கொட்டகை முழுக்க ஒரே மாதிரி எச்சம் தண்ணியாக இருந்தால் காரணம் உப்பாக இருக்கலாம். வேதாரண்யம், நாகப்பட்டினம் ஓரங்களில் போர் தண்ணீரே உப்பு. தீவனத்தில் சேரும் கருவாட்டுத் தூளில் உப்பு கூடினாலும் இதே கதை. உப்பு கூடினால் கோழி அதிகம் குடிக்கும், அதிகம் கழியும். தீவனத்தைக் கம்பெனி கொடுக்கிறது என்றால் சூப்பர்வைசரிடம் பேட்ச் எண்ணோடு சொல்லுங்கள்.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு வழி, தரைக்கு அடியிலிருந்து. பக்கத்து வயலில் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டி, ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் நிறைந்து ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் தரைக்கு வெகு கிட்டே வந்துவிடும். உமி மேலே காய்ந்தும் அடியில் சேறாகவும் இருந்தால் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது என்று பொருள். எத்தனை கிளறினாலும் அது தீராது. கொட்டகையைச் சுற்றிலும் தாழ்வாரச் சொட்டு விழும் கோட்டில் வாய்க்கால் வெட்டி வடித்துவிட வேண்டும். அடுத்த முறை தரை போடும்போது வெளித் தரையைவிட ஒன்றரை, இரண்டு அடி மேடாக்கி, கான்கிரீட்டுக்கு அடியில் தடித்த பாலித்தீன் விரிக்க வேண்டும்.

உமி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கையே போதும். ஐந்தாறு இடத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறங்கள். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல், அமோனியா வந்தே தீரும். கொஞ்சம் பிடித்துக்கொண்டு தானே உதிர்ந்தால் 20, 25 சதவீதம், அதுதான் வேண்டியது. ஒட்டவே ஒட்டாமல் விரலிடுக்கில் தூசியாகப் போனால் 20-க்குக் கீழே. அமோனியா இருக்காது, ஆனால் தூசி பறக்கும். மழைக்காலத்தில் டெல்டா கொட்டகை முதல் நிலையில் இருக்கும், பங்குனி, சித்திரையில் மூன்றாவது நிலைக்குப் போய்விடும். இரண்டுமே நெஞ்சுக்குக் கெடுதல். ஒன்றிலிருந்து தப்ப இன்னொன்றில் விழுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

மழைக்காலத்தில் வளர்க்கும் கோழி பேட்சுக்கு உமி மூன்று, நான்கு அங்குலம் வேண்டும். கோடைக்கு இரண்டு போதும். உமியைப் புரட்டாசிக்குள் வாங்கி மூட்டை கட்டிக் கூரைக்குள் வைத்துவிடுங்கள். அரிசி ஆலை வாசலில் மழையில் நனைந்து கிடந்த குவியலிலிருந்து கார்த்திகையில் அள்ளி வரும் உமியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பூத்திருக்கும். காய்ந்ததும் அதன் வித்து தூசியோடு பறக்கும். குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சாகும், கொட்டிப் பரப்பியவருக்கும் அதே தூசிதான் நெஞ்சுக்குள் போகிறது. சாம்பல் நிறமோ மக்கல் வாசனையோ இருந்தால் விலை குறைவு என்று வாங்காதீர்கள். தென்னை நார்க்கழிவு தண்ணீரை நன்றாக இழுக்கும், மழைக்காலத்தில் உமியோடு கலந்து போடலாம். கோடையில் வேண்டாம், பொடிந்து பறக்கும்.

கிளறுவது இரண்டாவது வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், நல்ல மழையில் தினமும். கிளறும் அந்த அரை மணியில்தான் அமோனியா அதிகமாக எழும்பும். ஆகவே முதலில் படுதாவை நன்றாக இறக்கித் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து உள்ளே போங்கள். காற்று வரும் பக்கம் முதுகு இருக்கட்டும். அடையாகத் தட்டிப்போன இடத்தை உடைத்துப் பொடித்துக் கலக்காதீர்கள். அடையைப் பெயர்த்துக் கூடையில் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, அந்த இடத்தில் புது உமி போடுங்கள். ஒரு கூடை அடையை உள்ளேயே கலந்துவிட்டால் அது பத்துக் கூடை நல்ல உமியையும் கெடுக்கும்.

இனி குஞ்சுக்குச் சூடு காட்ட வைக்கும் கரி அடுப்பு. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மழைக்காலத்துக் குஞ்சு வளர்ப்பில் ஆளைக் கொல்லக்கூடியது அமோனியா அல்ல, இதுதான். தகர டிரம்மிலோ பானையிலோ கரி கனிந்து சிவந்த பிறகு புகை இருக்காது, அதனால் பயமும் போய்விடும். புகையில்லாத அந்தக் கங்குதான் கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருக்கிறது. நிறமோ வாசனையோ கிடையாது. படுதாவை நாலு பக்கமும் இறுக்கி மூடிவிட்டு, குஞ்சைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளேயே பாய் விரித்துப் படுப்பவர் எழாமல் போகலாம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் இருவருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே வந்ததும் குறைந்தால் இதுதான் காரணம். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி ‘98 இருக்கு, பயமில்லை’ என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவியால் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் பிரித்துப் பார்க்க முடியாது. குஞ்சுத் தடுப்புக்கு மேலே ஒரு அடி திறப்பு எப்போதும் வேண்டும். உள்ளே தூங்குவதற்குத் தடை. ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி ஆள் மூக்கு உயரத்தில் மாட்டினால் நல்லது. மயங்கிக் கிடப்பவரை இழுக்கப் போவதற்கு முன் இரண்டு பக்கப் படுதாவையும் வெளியிலிருந்தே அறுத்துவிட்டுப் போங்கள். கேஸில் சூடு காட்டும் புரூடர் இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதன் சுடரும் நீலமாக இருக்க வேண்டும், மஞ்சளானால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.

தூசிக்கு வருவோம். கோழிக் கொட்டகைத் தூசி ரோட்டுத் தூசி மாதிரி மண் அல்ல. தீவனத் தூள், இறகுச் சீவல், தோல் செதில், காய்ந்த எச்சம், பூஞ்சை வித்து, செத்த பாக்டீரியாவின் தோலிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு, எல்லாம் சேர்ந்த கலவை. அமோனியா அந்தத் துகள்களில் தொற்றிக்கொண்டு, தனியாகப் போனால் எட்டாத ஆழத்துக்கு நுரையீரலுக்குள் போய்விடுகிறது. அதிகத் தூசி மூன்று வேலைகளில் வருகிறது: கோழி பிடித்து ஏற்றும் இரவு, எரு அள்ளும் நாள், அதன் பிறகு கூட்டிப் பெருக்கும் நாள். மற்ற நாட்களைவிட அதிகத் தூசியை இந்த மூன்று நாளில் சுவாசிக்க நேரும்.

எரு அள்ளுவதற்கு முன் மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் தண்ணீரைப் பனி மாதிரி மேற்பரப்பில் அடியுங்கள், தூசி அடங்கினால் போதும், நனையக் கூடாது. அப்படி நனைத்ததை அன்றே அள்ளிவிட வேண்டும். இரவு கிடந்தால் மறுநாள் அமோனியா எழும்பி நிற்கும். இரண்டு பக்கப் படுதாவும் முழுக்கத் திறந்திருக்கட்டும். அள்ளுபவர் காற்றுக்கு முதுகு காட்டி வேலை செய்ய, டிராக்டர் பெட்டி காற்று போகும் பக்கம் நிற்கட்டும். ஒட்டடையைக் காய்ந்த துடைப்பத்தால் அண்ணாந்து அடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை, தலை மேலேயே எல்லாம் கொட்டும். வலையையும் ஒட்டடையையும் நனைத்துவிட்டு அடியுங்கள். புளோயரை வைத்து ஊதித் தள்ளுவது வேகமாக முடியும், அந்தத் தூசி மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். கோழி பிடிப்பவர்கள் ஊர் ஊராக இரவுதோறும் இதையே செய்கிறார்கள். உங்கள் பண்ணையில் ஒரு மணி நேரம்தான் என்றாலும் அவர்களுக்கு அது தினசரிக் கணக்கு. அவர்களுக்கும் மாஸ்க் எடுத்து வையுங்கள்.

எரு அள்ளிய அன்று மாலையோ இரவோ, நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல் வந்து ஓரிரு நாளில் தானே போய்விட்டால் அது பெரும்பாலும் தொற்று அல்ல, அந்தத் தூசிக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. ஆனால் டெங்குவும் எலிக்காய்ச்சலும் நடமாடும் மழைக்காலத்தில் காய்ச்சலை இதன் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உங்களிடம் வேலை பார்க்கும் இருவரின் இருமல் எத்தனை நாளாக என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. பண்ணைத் தூசி என்று நினைத்துக் காசநோயைத் தவறவிடுவதும் உண்டு, காசநோய் என்று நினைத்துத் தூசியைத் தவறவிடுவதும் உண்டு. அது இல்லை என்றானதும் நுரையீரல் ஊதும் சோதனை, ஸ்பைரோமெட்ரி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போகலாம். போனதும் முதல் வாக்கியமாக ‘கோழிக் கொட்டகையில் வேலை’ என்று சொல்லச் சொல்லுங்கள், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே, ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் இரண்டு வாரம் காலை, மதியம், மாலை, படுக்கும் முன் ஊதி எழுதி வைத்தால், கொட்டகைக்குப் போகும் நாளிலும் போகாத நாளிலும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். வேலை நாளில் 20 சதவீதம் விழுந்தால் தொழில் ஆஸ்துமாவைச் சந்தேகிக்க வேண்டும். வருடத்தில் மூன்று மாதம், தொடர்ந்து இரண்டு வருடம் சளியோடு இருமல் என்றால் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. பீடி பிடிப்பவருக்கு இது சீக்கிரம் வரும். வாரக்கணக்கில் மூச்சிரைப்பு கூடி, எடையும் குறைந்தால் கோழிப் புரதத்துக்கு நுரையீரல் ஒவ்வாமை கொண்டிருக்கலாம். அது வந்தவருக்கு முதல் மருத்துவம் கொட்டகைக்குள் போகாமல் இருப்பதுதான்.

வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைக் குஞ்சின் கண்ணில் விட்ட கையால் தன் கண்ணைத் தேய்த்தவருக்கு மூன்று நான்கு நாள் கண் சிவந்து நீர் வடியும். அது அமோனியா அல்ல, அந்தத் தடுப்பு மருந்து வைரஸ். திடீரென்று கோழிகள் கொத்தாகச் செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தங்கும் அறை எங்கே இருக்கிறது? கொட்டகையின் தெற்கு ஓரத்தில் சுவர் ஒட்டிய அறை என்றால், வாடை மாதங்களில் கொட்டகைக் காற்று முழுக்க அதற்குள்தான் போகிறது. எட்டு மணி நேர வரம்பு என்பது வேலை முடிந்தால் நல்ல காற்றுக்குப் போகிறவருக்குப் போட்ட கணக்கு. இருபத்து நான்கு மணி நேரமும் அங்கேயே இருப்பவருக்கு, அதுவும் குழந்தை இருந்தால், அது பொருந்தாது. அறையைக் கிழக்கிலோ மேற்கிலோ முப்பது, நாற்பது அடி தள்ளிப் போடுங்கள். வேலைத் துணியையும் செருப்பையும் அறைக்கு வெளியே கழற்றி வைக்க ஓர் ஆணி, கை கால் கழுவ ஒரு குழாய்.

பேட்ச் முடிந்ததும் ஃபார்மலினும் பெர்மாங்கனேட்டும் கலந்து புகை போடச் சொல்வார்கள். 100 கன அடிக்கு 40 மில்லி ஃபார்மலின், 20 கிராம் பெர்மாங்கனேட் என்ற கணக்கு மூடி இறுக்கக்கூடிய அறைக்கு உரியது. உங்கள் கொட்டகைக்கு அந்தக் கணக்கில் 24 லிட்டர் ஃபார்மலின் வேண்டும், வலை வழியாகப் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். ஃபார்மலினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். திறந்த கொட்டகைக்கு அது வேண்டவே வேண்டாம், கழுவிக் காயவிட்டு நீர்க் கிருமிநாசினி அடித்தால் போதும். ஈர எருவின் மேல் பிளீச்சிங் பவுடரும் கூடாது. குளோரினும் அமோனியாவும் சேர்ந்து குளோரமைன் ஆகும், அது நெஞ்சை அடைத்துவிடும்.

இப்போது மாஸ்க். துண்டு, துணி மாஸ்க், மூன்றடுக்கு நீல மாஸ்க் எதுவும் நுண்தூசியைத் தடுக்காது. தூசி வேலைக்கு என்95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2. காதில் மாட்டும் ரகத்தைத் தவிருங்கள், தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் ரகமே முகத்தோடு இறுகும். தாடி இருந்தால் இடைவெளி விழுந்துவிடும். இரண்டு கையாலும் மூடி வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள், கண்ணுக்குக் கீழே காற்று கசிந்தால் மூக்குக் கம்பியை அழுத்துங்கள். எரு அள்ளும் நாளில் ஆளுக்கு ஒன்று, வியர்த்து நனைந்தால் இன்னொன்று. ஆனால் என்95 வழியாக அமோனியா சாவகாசமாக உள்ளே வரும், அது வாயு. கிளறவும் அடை பெயர்க்கவும் ரப்பர் அரைமுக மாஸ்க் வேண்டும். அதில் அமோனியாவுக்கான பச்சை நிற கார்ட்ரிட்ஜ், அதன் முன்னால் தூசி வடிகட்டி. உள்ளே நாற்றம் வர ஆரம்பித்தால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது. கொட்டகை ஆணியில் மாட்டி வைத்தால் யாரும் போடாமலேயே தீர்ந்துவிடும், மூடி இறுகும் டப்பாவில் போட்டு அறையில் வையுங்கள். கரி அடுப்பின் வாயுவுக்கு இந்தக் கார்ட்ரிட்ஜ் உதவாது. அரைமுக மாஸ்க் கண்ணை மூடாது என்பதால் பக்கமெல்லாம் அடைத்த கண்ணாடியும் சேர்த்து வாங்குங்கள். இருவருக்கும் தனித்தனி மாஸ்க், அந்த அம்மாவுக்குச் சின்ன அளவு. பெரிய அளவை வாங்கிப் பட்டையை இழுத்துக் கட்டினால் தாடைக்குக் கீழே கசியும்.